வேலைக்குப் புறப்படுமுன் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பாடம்

1977, 1983 கலவரங்களின் பின் மலைநாட்டுக் குடும்பங்கள் பல வன்னியில் போய்க் குடியேறின. மாங்குளம் பக்கத்து உறவுக்காரருக்கும் தோட்டத்தில் இருக்கும் நமக்கும் கவலை ஒன்றுதான். சாதாரண தரப் பரீட்சை முடிந்ததும் பிள்ளைகள் பலர் வேலை தேடிக் கொழும்புக்கு பஸ் ஏறுகிறார்கள். சம்பளம், சாப்பாடு, தங்குமிடம் எல்லாம் விசாரிக்கிறோம். பாலியல் நோய் பற்றி மட்டும் வாய் திறப்பதில்லை. "சொன்னால் பிள்ளை கெட்டுப்போகும்" என்று பயம். நாம் சொல்லாவிட்டால் கூட்டாளிமார் சொல்வார்கள். அதில் பாதி பொய்யாக இருக்கும்.

தரம் 10, 11 பிள்ளைகள் இவற்றைக் கட்டாயம் அறிய வேண்டும்:

1. சிபிலிஸ், கொனோரியா, எச்.ஐ.வி. ஆகியவை முக்கியமாக உடலுறவால் தொற்றுகின்றன. எச்.ஐ.வி. ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிப்பதாலோ நுளம்புக் கடியாலோ தொற்றாது.

2. அவசரப்படாமல் காத்திருப்பதும், "வேண்டாம்" என்று உறுதியாகச் சொல்வதும் வெட்கமல்ல. வளர்ந்தவர்களுக்கு ஆணுறை நல்ல பாதுகாப்பு. ஒவ்வொரு முறையும் புதியது பாவிக்க வேண்டும்.

3. ஆளைப் பார்த்து நோயைச் சொல்ல முடியாது. சிபிலிஸ் புண் பெரும்பாலும் வலிக்காது. சில கிழமையில் தானாக ஆறிவிடும். ஆனால் கிருமி உடம்பிலேயே இருக்கும்.

4. சந்தேகம் வந்தால் கடை மருந்து, கைமருந்து என்று அலையக்கூடாது. அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையத்தில் பரிசோதனை இலவசம்; இரகசியம் காப்பார்கள். சிபிலிஸுக்குப் பெனிசிலின் ஊசி உண்டு. எச்.ஐ.வி. உள்ளவரும் தினமும் மாத்திரை எடுத்தால் நெடுநாள் சுகமாக வாழலாம்.

பரிசோதனையின் பலன் நமது தாய்மாருக்குத் தெரிந்ததுதான். கர்ப்பிணிகளுக்கு கிளினிக்கில் இரத்தம் சோதித்துச் சிகிச்சை கொடுத்ததால், தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸும் பரவுவதை இலங்கை ஒழித்துவிட்டதென்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் சான்று வழங்கியது.

ஆசிரியர்மாருக்கு ஒரு யோசனை: வகுப்பில் ஒரு பெட்டி வையுங்கள். பிள்ளைகள் பெயர் எழுதாமல் கேள்வியைப் போடட்டும். பதில் சொல்லக் குடும்பநல மாதுவை அழையுங்கள்.

ஒரு பிள்ளையை யாராவது பலவந்தப்படுத்தினால் குற்றம் பிள்ளையுடையதல்ல. ஏசாமல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். உடனே போனால் எச்.ஐ.வி.யைத் தடுக்கவும் மருந்து உண்டு. 1929க்கும் அறிவியுங்கள். "அம்மாகிட்ட சொல்லலாம்" என்ற தைரியம் பிள்ளைக்கு இருக்க வேண்டும். அதை நாம்தான் கொடுக்க வேண்டும்.