கொள்கலங்களில் சேதன மரக்கறிச் செய்கை

மாணவர்களே, கண்டி நகரைச் சூழவுள்ள வீடுகள் பல மலைச்சரிவில் அமைந்தவை. முற்றம் சிறியது, சில இடங்களில் சீமெந்து இடப்பட்டது. எனினும் நாளொன்றுக்கு ஆறு மணித்தியாலம் வெயில் படும் ஓரிடமும் சில கொள்கலங்களும் இருப்பின் மரக்கறி பயிரிடலாம்.

1. முக்கியத்துவம்

2021 மே மாதத்தில் இலங்கையில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ச்சியடையவே அவ்வாண்டு நவம்பரில் தடை தளர்த்தப்பட்டது. 2022 இல் உணவுத் தட்டுப்பாடு அஞ்சப்பட்டபோது, வீட்டுத்தோட்டம் செய்வதற்கென அரச ஊழியர்களுக்கு மூன்று மாத காலத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை அங்கீகரிக்கப்பட்டது.

யூரியாவில் 46% நைதரசன் உண்டு. கூட்டெருவில் பொதுவாக 1 – 2% மட்டுமே உண்டு. ஆகவே பெரிய வயலுக்குத் தேவையான கூட்டெருவை ஒரே போகத்தில் தேடுவது கடினம். பத்துச் சாடிகளுக்குத் தேவையானதை வீட்டுச் சமையலறைக் கழிவிலிருந்தே படிப்படியாகத் தயாரிக்கலாம்.

2. வளர்ப்பு ஊடகம்

மேல்மண், கூட்டெரு, தும்புத்தூள் ஆகியவற்றைச் சம கனவளவில் கலக்க. கொள்கலத்தின் அடியில் துளைகள் இருத்தல் வேண்டும். இன்றேல் நீர் தேங்கி, வேருக்கு ஒட்சிசன் கிடைக்காது. பீடைநாசினி இருந்த கலன்களை ஒருபோதும் பயன்படுத்தலாகாது.

உதாரணம்: விட்டம் 28 ச.மீ. கொண்ட வாளியில் 25 ச.மீ. உயரத்துக்கு ஊடகம் இடப்படுகிறது.
கனவளவு = 22/7 × 14 × 14 × 25 = 15400 கன ச.மீ. = 15.4 லீற்றர்.
எனவே ஒரு வாளிக்குக் கூட்டெரு ஏறத்தாழ 5.1 லீற்றர் தேவை.

3. நேரம் குறைந்தோருக்கான பராமரிப்பு

• தினமும் காலையில் பத்து நிமிடம்: மண்ணை விரலால் தொட்டுப் பார்த்து, உலர்ந்திருப்பின் மட்டும் நீரூற்றுக. இலையின் கீழ்ப்புறத்தில் பீடைகள் உள்ளனவா எனப் பார்க்க.
• இரு வாரங்களுக்கு ஒரு முறை: இரண்டு கைப்பிடி கூட்டெரு இடுக. நீருடன் போசணைகள் கழுவிச் செல்வதால் இது அவசியம்.
• முதலில் கங்குன் பயிரிடுக. ஏறத்தாழ நான்கு வாரத்தில் அறுவடை செய்யலாம். பின்னர் போஞ்சி, கறிமிளகாய், தக்காளி என முன்னேறலாம்.

4. அவதானிக்க வேண்டிய இரண்டு ஆபத்துகள்

(அ) பற்றீரியா வாடல்: கண்டி மத்திய நாட்டு ஈரவலயத்தைச் சேர்ந்தது. ஈரமும் வெப்பமும் சேர்ந்த மண்ணில் தக்காளிச் செடி பச்சையாகவே திடீரென வாடும். வாடிய தண்டை வெட்டித் தெளிந்த நீரில் பிடித்தால் பால் போன்ற கசிவு இறங்கும். அச்செடியைக் கூட்டெருக் குவியலில் இடலாகாது. தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகியன ஒரே குடும்பத்தவை. அவை வாடிய இடத்து மண்ணைச் சாடிக்கு எடுக்கலாகாது.

(ஆ) டெங்கு: சாடியின் கீழுள்ள தட்டில் தேங்கும் நீரில் ஈடிஸ் நுளம்பு முட்டையிடும். முட்டையிலிருந்து நிறைவுடலி தோன்ற ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். தட்டை அகற்றுக அல்லது மணலால் நிரப்புக. மரக்கறி வளர்த்த வீட்டிலேயே காய்ச்சல் வரவிடலாகாது.

மாதிரி வினா

சாடியில் வளர்ந்த கறிமிளகாயின் முதிர்ந்த கீழ் இலைகள் மஞ்சளாகின்றன. பெரும்பாலும் எப்போசணை குறைவு? ஒரு சேதனப் பரிகாரம் தருக.

விடை: நைதரசன். இது தாவரத்தினுள் அசையக்கூடியது. குறைவு ஏற்படும்போது முதிர்ந்த இலையிலிருந்து இளம் இலைக்குச் செல்லும். ஆகவே குறைபாடு முதலில் கீழ் இலைகளில் தோன்றும். நன்கு உக்கிய கூட்டெரு அல்லது உக்கிய மாட்டெரு இடலாம்.

நினைவிற் கொள்க: “நைதரசன்” என்று மட்டும் எழுதி நிறுத்தாது, காரணத்தையும் எழுதுக. காரணம் தெரிந்தவருக்கே பரீட்சையிலும் தோட்டத்திலும் பயன் கிடைக்கும்.