இரண்டு நெட் இருந்தும் வேலை நிக்குதா? வழியைச் சரிபாருங்கள்!

வைஃபை அடையாளம் முழுசாகத் தெரியும். ஆனால் பக்கம் திறக்காது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவுக்கு மாறினால் உடனே திறந்துவிடும். உங்கள் போனிலும் இரண்டு இணைப்புகள்தான். எந்த வழி உண்மையில் திறந்திருக்கிறது என்று தெரியாததுதான் சிக்கல்.

இரண்டு இணைப்புகளை ஃபயர்வாலில் சேர்த்து வைத்திருக்கும் இ-சேவை மையம், விடுதி, கடைகளிலும் இதே சிக்கல் வரும். வருமானச் சான்றுக்காகக் கடைசி நாளில் வந்து நிற்பவருக்கு "சர்வர் டவுன்" என்ற பதில்தான் கிடைக்கும். சர்வர் நன்றாக இருந்தாலும் இப்படி நடக்கலாம்.

என்ன நடக்கிறது?

திருவண்ணாமலை தீபத் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். சென்னைக்குப் போக செஞ்சி, திண்டிவனம் வழி ஒன்று. போளூர், ஆரணி வழி இன்னொன்று. சந்திப்பில் நிற்கும் காவலருக்குக் கண்ணெதிரே சாலை காலியாகத் தெரிகிறது. செஞ்சி பக்கம் அடைப்பு என்ற தகவல் வராவிட்டால், வண்டிகளை அங்கேயேதான் அனுப்புவார். ஃபயர்வாலும் அப்படித்தான். பக்கத்தில் உள்ள மோடம் பதில் சொன்னால் போதும், இணைப்பு நன்றாக இருப்பதாக நினைத்துக்கொள்ளும். அதற்கு அப்பால் கேபிள் அறுந்தது அதற்குத் தெரியாது.

வரிசையாகப் பாருங்கள்

1. விளக்கு: ஃபைபர் மோடத்தில் 'எல்.ஓ.எஸ்' விளக்கு சிவப்பாக இருந்தால் கேபிளில் சிக்னல் வரவில்லை. நிறுவனத்திடம் புகார் பதியுங்கள்.

2. நேரடிச் சோதனை: லேப்டாப்பை ஒவ்வொரு மோடத்திலும் தனித்தனியாக இணைத்துப் பாருங்கள். இரண்டிலும் நெட் வந்தால், ஃபயர்வால் அமைப்பில்தான் கோளாறு.

3. எண்ணா, பெயரா: ஃபயர்வாலில் இருந்து 8.8.8.8 என்ற முகவரிக்கு 'பிங்' கொடுங்கள். எண்ணுக்குப் பதில் வந்து, இணையதளப் பெயருக்கு வராவிட்டால் அது டி.என்.எஸ். பிரச்சினை. ஒரு நிறுவனத்தின் டி.என்.எஸ். இன்னொரு நிறுவன இணைப்பில் பதில் தராமல் போகலாம். 8.8.8.8, 1.1.1.1 போன்ற பொது முகவரிகளைப் போடுங்கள்.

4. ஒரே எண்: இரண்டு மோடமும் 192.168.1.1 என்றே இருக்கிறதா? ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் மாதிரி, ஃபயர்வால் குழம்பிவிடும். ஒன்றை 192.168.2.1 என மாற்றுங்கள்.

5. வழிப்பட்டியல்: ரூட்டிங் பட்டியலில் 0.0.0.0/0 என்ற பொது வழி இருக்க வேண்டும். அது காணவில்லை என்றால், இரண்டு இணைப்பும் செத்துவிட்டதாக ஃபயர்வால் முடிவு கட்டியிருக்கலாம். கண்காணிப்பு முகவரி பிங்குக்குப் பதில் தராவிட்டாலும் இப்படி ஆகும்.

6. கண்காணிப்பு முகவரி: மோடத்தின் எண்ணை வைக்காதீர்கள். வெளியே உள்ள முகவரியை வையுங்கள். முதல் இணைப்புக்கு ஒன்று, இரண்டாவதுக்கு வேறொன்று. இரண்டாவது இணைப்புக்கும் 'நாட்' விதி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

சும்மா இருக்கும் நாளில் சோதியுங்கள்

முதல் கேபிளைக் கழற்றிவிட்டு, எவ்வளவு நேரத்தில் நெட் திரும்புகிறது என்று பாருங்கள். கூட்டமான தீபத்தன்று சோதனை வேண்டாம்! இரண்டு கேபிளும் ஒரே கம்பத்தில் வந்தால், ஒரே நேரத்தில் இரண்டும் அறுந்துபோகலாம். ஒன்று ஃபைபர், மற்றது சிம் என்று வைப்பது நல்லது. ஆனால் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் செல்போன் டவரும் திணறும். முக்கியமான விண்ணப்பங்களை முன்கூட்டியே முடித்துவிடுங்கள்.

விண்ணப்பதாரர் கவனத்துக்கு

இணைப்பு மாறும்போது இணையதளம் உங்களை வெளியேற்றலாம். பணம் செலுத்தும் நேரத்தில் அப்படி ஆனால், உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். வங்கிக் கணக்கில் பணம் போயிருக்கிறதா, விண்ணப்ப எண் வந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பரிவர்த்தனை எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, பிறகு அடுத்த வேலையைத் தொடங்குங்கள்.