நம் வீட்டுக் காற்றை நாமே சோதிப்போம்



குழாயில் தண்ணீர் கலங்கலாக வந்தால் உடனே கண்டுபிடித்து விடுகிறோம். நாலு பேர் சேர்ந்து கவுன்சிலர் வீட்டுக்கே குடத்தோடு போய்விடுகிறோம். ஆனால் வீட்டுக்குள் நாள் முழுக்க சுவாசிக்கிற காற்று நல்லதா கெட்டதா என்று யாராவது கேட்டதுண்டா? கண்ணுக்குத் தெரியாததால் அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை. இந்த மாதப் பாடம் அதைப் பற்றித்தான். ஒருவர் சத்தமாகப் படிக்க, மற்றவர்கள் கேட்டு, முடிவில் உள்ள கேள்விகளைப் பேசுங்கள்.

ஏன் நமக்கு இந்தப் பாடம்?

15 வேலம்பாளையம் 2011-ல் திருப்பூர் மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு புதுக் கட்டிடங்கள் நிறைய வந்துவிட்டன. ஆனால் நம் உறுப்பினர்களில் பலர் இருப்பது பழைய ஓட்டு வீட்டிலும், சிமெண்ட் ஷீட் போட்ட லைன் வீட்டிலும்தான். முன்னால் ஒரு கதவு, ஒரு சின்ன ஜன்னல், அவ்வளவுதான். பின்சுவர் அடுத்த வீட்டுக்காரருடையது. அந்த ஒரே அறையில்தான் சமையல், தூக்கம், பிள்ளைகள் படிப்பு எல்லாம். பனியன் கம்பெனியிலிருந்து பீஸ் வாங்கி வந்து பிசிறு வெட்டுவதும் அங்கேயேதான்.

குழுவில் உள்கடன் கேட்கும்போது காரணம் எழுதுகிறோம் அல்லவா? 'மருத்துவச் செலவு' என்று எத்தனை முறை எழுதியிருக்கிறோம் என்று பழைய நோட்டைப் புரட்டிப் பாருங்கள். பிள்ளைக்கு இழுப்பு, மாமியாருக்கு விடாத இருமல். எல்லா நோய்க்கும் வீட்டுக் காற்றுதான் காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அதுவும் ஒரு காரணமாக இருந்தால், காசு செலவில்லாமலே அதில் கொஞ்சம் குறைக்க முடியும்.

ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

விறகு, சாணி, கரி, மண்ணெண்ணெய் அடுப்புப் புகையால் 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 32 லட்சம் பேர் இறந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டது. அதில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் மட்டும் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேல்.

நம் தமிழ்நாட்டிலேயே நடந்த ஆய்வு ஒன்று உண்டு. சென்னை போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த டாக்டர் கல்பனா பாலகிருஷ்ணன் குழுவினர் நான்கு மாவட்டங்களில் 436 கிராமத்து வீடுகளில் காற்றை அளந்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். விறகு எரியும் நேரத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 500 முதல் 2,000 மைக்ரோகிராம் வரை நுண்தூசி இருந்தது. நாள் முழுவதற்கும் சராசரி பார்த்தபோது, விறகில் சமைக்கிற பெண் சுவாசித்தது 231. அதே மாதிரி வீட்டில் சமைக்காமல் இருந்தவர் சுவாசித்தது 90. கேஸ் போன்ற சுத்தமான எரிபொருள் உள்ள வீட்டில் 82. அடுப்பு எது, சமையலறை எங்கே இருக்கிறது, அடுப்புப் பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்கிறோம், இந்த மூன்றும்தான் முக்கியம் என்று அந்த ஆய்வு சொன்னது. ஒரே வீடுதான். ஆனால் சமைக்கிறவளுக்குத்தான் அதிகப் புகை.

கருவி இல்லாமல் ஐந்து சோதனைகள்

1. ஊதுபத்திச் சோதனை: ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தி ஜன்னல் ஓரம், அடுப்படி, அறையின் உள்மூலை என்று மூன்று இடத்தில் பிடியுங்கள். புகை எந்தப் பக்கம் போகிறது? ஒரே இடத்தில் சுற்றினால் அங்கே காற்று ஓடவில்லை என்று அர்த்தம். பார்த்ததும் அணைத்து விடுங்கள், அதுவும் புகைதான்.

2. எண்ணெய்த் தட்டுச் சோதனை: மூன்று எவர்சில்வர் தட்டில் லேசாகத் தேங்காய் எண்ணெய் தடவி, அடுப்படியில் ஒன்று, பிசிறு வெட்டும் இடத்தில் ஒன்று, வாசலில் ஒன்று வையுங்கள். மறுநாள் ஒப்பிட்டுப் பாருங்கள். இதில் பஞ்சும் பெரிய தூசியும்தான் ஒட்டும். நுரையீரலின் ஆழத்துக்குப் போகிற நுண்தூசி, அதாவது பி.எம். 2.5, தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். அது கண்ணுக்குத் தெரியாது. ஆகவே தட்டு சுத்தமாக இருப்பதால் காற்றும் சுத்தம் என்று முடிவு கட்டக் கூடாது.

3. தீச்சுடர்ச் சோதனை: கேஸ் அடுப்பு நீலமாக எரிய வேண்டும். மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியில் கரி பிடித்தால் பர்னரைச் சுத்தம் செய்ய வேண்டும், அல்லது பழுது பார்க்க வேண்டும்.

4. ஈரச் சோதனை: ஓதமடிக்கிற சுவரில் ஒரு பிளாஸ்டிக் கவரை நாலு பக்கமும் டேப் போட்டு இரண்டு நாள் ஒட்டி வையுங்கள். கவரின் உள்பக்கம் நீர் கோர்த்தால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் கோர்த்தால் அறைக் காற்றிலேயே ஈரம் தேங்கி நிற்கிறது. ஈரம் இருந்தால் பூஞ்சை வரும், பூஞ்சை இழுப்பைக் கூட்டும்.

5. உடம்புக் குறிப்பு: ஒரு வாரம் நோட்டில் எழுதுங்கள். யாருக்கு இருமல், கண் எரிச்சல், தலைவலி? எந்த நேரம்? வெளியே போனால் குறைகிறதா? பஞ்சு மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு விடுமுறை முடிந்து போகிற முதல் நாள் நெஞ்சு இறுக்கமாக இருந்தால், அது பஞ்சுத் தூசி நோயின் அறிகுறியாக இருக்கலாம். தாமதிக்காமல் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கருவி கிடைத்தால்

கையடக்கமான பி.எம். 2.5 மீட்டர் இப்போது விற்பனைக்குக் கிடைக்கிறது. கூட்டமைப்புக்கு ஒன்று இருந்தால் முறை வைத்து எல்லா வீட்டுக்கும் போகலாம். சமைக்கிறவர் மூக்கின் உயரத்தில், அடுப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வையுங்கள். நீராவி பட்டால் தப்பாகக் காட்டும். அடுப்புப் பற்ற வைக்கும் முன், சமைக்கும்போது, முடிந்து அரை மணி கழித்து, பிறகு வாசலில் என்று நான்கு முறை குறியுங்கள். ஜன்னல் திறந்திருந்ததா என்றும் எழுதுங்கள்.

24 மணி நேரச் சராசரி 60-ஐத் தாண்டக் கூடாது என்பது இந்திய அளவு. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. ஆனால் ஒரு நிமிடம் காட்டும் எண்ணை இதோடு ஒப்பிடக் கூடாது. வட்டிக் கணக்குப் போடுகிற நமக்கு இந்தக் கணக்கு சுலபம். உதாரணமாக, சமைக்கும் 3 மணி நேரம் 300, மீதி 21 மணி நேரம் 40 என்று வைப்போம். 900-ம் 840-ம் சேர்ந்து 1,740. அதை 24-ஆல் வகுத்தால் 72.5. எல்லையைத் தாண்டிவிட்டது. ஜன்னலைத் திறந்து, அடுப்பை மாற்றி, சமையல் நேரத்து 300-ஐ 100 ஆக்கினால் சராசரி 47.5. அந்த மூன்று மணி நேரத்தைச் சரிசெய்தாலே முழு நாளும் மாறுகிறது.

இந்த மீட்டர் கார்பன் மோனாக்சைடைக் காட்டாது. அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளைக் கொல்லும். மூடிய அறையில் கரி அடுப்பு வைத்துத் தூங்கவே கூடாது. காற்றோட்டம் இல்லாத பாத்ரூமில் கேஸ் கீசரும் ஆபத்துதான்.

என்ன செய்யலாம்?

செலவில்லாதது: சமைக்கும்போது கதவு, ஜன்னல் இரண்டையும் திறங்கள். பிசிறு வெட்டுவதை வாசல் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். அடுப்புப் பற்ற வைக்கப் பனியன் வேஸ்ட்டோ பாலிதீன் கவரோ போடாதீர்கள். நைலான், பாலியஸ்டர் கலந்த துணிப் புகை ரொம்ப மோசம்.

குறைந்த செலவு: கொசுவர்த்திச் சுருளுக்குப் பதில் கொசுவலை. ஒரு சுருள் வெளியிடும் நுண்தூசி 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் சமம் என்று 2003-ல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. அடுப்புக்கு மேல் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்தால் புகை வெளியே போகும்.

கேஸ் இணைப்பு: உஜ்வாலா திட்டம் 2016 மே 1-ல் தொடங்கியது. 2021 ஆகஸ்டில் வந்த இரண்டாம் கட்டத்தில், வெளியூரிலிருந்து பிழைக்க வந்த குடும்பங்கள் முகவரிக்குச் சுய உறுதிமொழி கொடுத்தால் போதும் என்று தளர்த்தினார்கள். இப்போதைய விதியை கேஸ் ஏஜென்சியில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டில் கவனம்: ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை உடைக்கவோ, காய்ந்தபடி துளை போடவோ கூடாது, அதன் நார் புற்றுநோய் தரும். வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குக் கட்டுப்பாடு 2017 நவம்பரில்தான் அமலுக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பெயிண்டைக் காய்ந்தபடி சுரண்டாமல், ஈரப்படுத்திச் சுரண்டுங்கள். அப்போது குழந்தைகள் பக்கத்தில் இருக்க வேண்டாம்.

உறுப்பினர்கள் கேட்கிற கேள்விகள்

"ஜன்னலைத் திறந்தா ரோட்டுத் தூசி வருதுங்களே?" வரும்தான். அதனால்தான் வாசலிலும் அளக்கச் சொல்கிறோம். உள்ளே அதிகமானால் திறங்கள். வண்டி நெரிசல் நேரத்தில் வெளியே அதிகமானால் கொஞ்ச நேரம் சாத்தி வையுங்கள்.

"கேஸ் வாங்கிட்டா எல்லாம் சரியாயிருமா?" முழுக்க ஆகாது. தமிழ்நாட்டில் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகளையும் சேர்த்து நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடந்தது. 2022-ல் முடிவு வந்தது. இலவசமாகக் கேஸ் கொடுத்த வீட்டில் பெண்கள் சுவாசித்த நுண்தூசி 24, கொடுக்காத வீட்டில் சுமார் 71. புகை நன்றாகக் குறைந்தது. ஆனால் குழந்தையின் பிறப்பு எடையில் பெரிய வித்தியாசம் வரவில்லை. கேஸ் கட்டாயம் வேண்டும், அதோடு காற்றோட்டமும் சாப்பாடும் பரிசோதனையும் வேண்டும்.

"ஜன்னல் வெக்கச் சொன்னா வீட்டுக்காரர் காலி பண்ணுன்னு சொல்லிருவாருங்க." ஒருத்தி கேட்டால் அப்படித்தான் சொல்வார். ஒரே லைனில் இருக்கிற பத்து வீட்டுப் பெண்களும் சோதனை நோட்டோடு சேர்ந்து போய்க் கேட்டால் பதில் வேறாக இருக்கும். வாடகைக்கு ஆள் அவருக்கும் வேண்டும். குழு எதற்கு இருக்கிறது?

குழுவில் பேசுங்கள்

1. நம் குழுவில் எத்தனை வீட்டில் ஒரே ஜன்னல்தான் இருக்கிறது?
2. விறகு, கேஸ் இரண்டும் வைத்திருப்பவர்கள் எதற்கு விறகு எரிக்கிறோம்? வெந்நீருக்கா, சிலிண்டர் விலைக்கா?
3. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கும் கொசுவலைக்கும் உள்கடன் கொடுக்கலாமா?

மூன்றாவது கேள்விக்கான முடிவைத் தீர்மான நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள். ஐந்து சோதனைகளின் குறிப்பையும் அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஊக்குநர் கொண்டு வர வேண்டும். எந்த லைனில் முதலில் ஜன்னல் கேட்கப் போகிறோம் என்பதை எல்லாக் குழுக்களின் நோட்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு முடிவு செய்வோம்.