காகிதப் பெட்டி மடிப்போம், தமிழும் பேசுவோம்



போலாரத்தில் நம் பிள்ளைகளுக்கு ஞாயிறுதோறும் தமிழ் சொல்லிக் கொடுத்து வருகிறேன். "வீட்டில் நாங்கள் தமிழ்தான் பேசுகிறோம். பிள்ளை ஆங்கிலத்தில்தான் பதில் சொல்கிறான்" என்பது பெற்றோர் என்னிடம் அடிக்கடி சொல்லும் குறை. பள்ளியில் பாடமெல்லாம் ஆங்கிலம். தெலங்கானாவின் 2018ஆம் ஆண்டுச் சட்டப்படி தெலுங்கும் கட்டாயப் பாடம். தெருவிலும் கடையிலும் தெலுங்கும் தக்கனி உருதுவும். தமிழுக்கு மிஞ்சுவது வீடு ஒன்றுதான். அந்த வீட்டிலும் "எழுந்திரு, குளி, சாப்பிடு, படி, தூங்கு" என்ற ஐந்தாறு சொற்களோடு நம் பேச்சு முடிந்துவிடுகிறது. பிள்ளைக்குப் புதிய சொல் வர வேண்டுமானால் அவனோடு சேர்ந்து புதிதாக ஒரு வேலை செய்ய வேண்டும். கை வேலை செய்யும்போது காதில் விழும் சொல் எளிதில் மறப்பதில்லை.

ஆகவே இம்முறை இலக்கணத்தைச் சற்று ஒதுக்கி வைத்துவிட்டு, காகிதத்தில் ஓர் அழகிய பெட்டி செய்யக் கற்போம். பசை வேண்டாம். சதுரம் வெட்டிய பிறகு கத்தரிக்கோலும் வேண்டாம்.

ஜப்பானியர் இக்கலையை ஓரிகாமி என்பார்கள். 'ஓரி' என்றால் மடித்தல், 'காமி' என்றால் காகிதம். ஓரிகாமிக்கென்று வெளிவந்த நூல்களில் மிகப் பழையதாகக் கருதப்படுவது 1797இல் ஜப்பானில் அச்சானது. இன்று உலகெங்கும் ஓரிகாமிப் புத்தகங்களில் காணும் புள்ளிக்கோடு, அம்புக்குறி முறைக்கு அடிப்படை இட்டவர் அகிரா யோஷிசாவா (1911–2005). நாம் செய்யப்போகும் பெட்டியின் பெயர் 'மாசு'. அழுக்கு என்று பொருள் கொள்ள வேண்டாம்! அந்நாட்டில் அரிசி அளக்கும் சதுர மரப்பெட்டிக்கு அதுவே பெயர். நம் வீட்டுப் படி, உழக்கு, ஆழாக்கு போன்றது.

மடிப்பது நமக்கும் புதிதன்று. வாழைப்பட்டையையும் இலையையும் மடித்து ஈர்க்குக் குத்திய தொன்னை, மளிகைக் கடைப் பொட்டலம், மழைநீரில் விட்ட கத்திக் கப்பல் எல்லாம் இதே இனந்தான். இதற்கும் மேலே ஒரு செய்தி உண்டு. காகிதத்தை மடித்தே வடிவக்கணிதம் கற்பிக்கலாம் என்று காட்டும் நூல் ஒன்று 1893இல் சென்னையில் வெளியானது. ஆங்கிலத்தில் அதை எழுதியவர் டி. சுந்தர ராவ், சென்னை மாகாணத்தில் வருவாய்த்துறை அதிகாரியாக இருந்தவர். ஜெர்மனியின் ஃப்ரோபெல் தொடங்கிய கிண்டர்கார்ட்டன் பள்ளிகளில் சிறுவர்கள் வண்ணத்தாள் மடித்து விளையாடுவார்கள். அதிலிருந்தே அவருக்கு இந்த எண்ணம் பிறந்தது. சதுரத்தில் தொடங்கி ஐங்கோணம், அறுகோணம் என்று படிப்படியாக அவர் மேலே செல்கிறார். புகழ்பெற்ற ஜெர்மானியக் கணிதமேதை ஃபெலிக்ஸ் கிளைன் அந்நூலைத் தம் நூலில் குறிப்பிட்டார். 1901இல் அது சிகாகோவில் மறுபதிப்புக் கண்டது. சென்னையில் அச்சான ஒரு பாடம் கடல் கடந்து போயிற்று. போலாரம் வரை வருவதற்கு என்ன தடை?

வேண்டியவை

ஏ4 அளவுத் தாள் இரண்டு, ஓர் அளவுகோல். முடிந்துபோன மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் மிகப் பொருத்தம்; படம் உள்ள பக்கம் வெளியே வந்து பெட்டிக்கு அழகு தரும். கல்யாணப் பத்திரிகை அட்டை தடிப்பு அதிகம், மடிக்கும் இடத்தில் வெடித்துவிடும்.

செய்முறை

1. தாளின் குட்டை ஓரத்தை நீள ஓரத்தின் மேல் படியுமாறு சாய்வாக மடியுங்கள். முக்கோணம் கிடைக்கும். மிச்சமாக நிற்கும் பட்டையைக் கத்தரித்து எடுங்கள். விரித்தால் 21 செ.மீ. சதுரம்.

2. வண்ணப் பக்கம் கீழே இருக்கட்டும். மற்ற இரு மூலைகளையும் சேர்த்து மடித்து விரியுங்கள். பிறகு எதிரெதிர் ஓரங்களைச் சேர்த்து, நெடுக்கே ஒரு முறை, குறுக்கே ஒரு முறை பாதியாக மடித்து விரியுங்கள். கோடுகள் எல்லாம் சந்திக்கும் இடமே நடுப்புள்ளி.

3. நான்கு மூலைகளையும் நடுப்புள்ளிக்குக் கொண்டுவந்து மடியுங்கள். இப்போது சிறிய சதுரம் ஒன்று கிடைக்கும்.

4. அச்சிறிய சதுரத்தின் மேல் ஓரத்தையும் கீழ் ஓரத்தையும் நடுக்கோடு வரை மடித்து, நகத்தால் நன்றாக நீவி, திரும்ப விரியுங்கள். இடது, வலது ஓரங்களையும் அப்படியே மடித்து விரியுங்கள். மூலைகள் நடுப்புள்ளியிலேயே இருக்கட்டும்.

5. மேலும் கீழும் உள்ள இரண்டு முக்கோணங்களை மட்டும் முழுவதும் விரித்துவிடுங்கள். இடது, வலது ஓரங்களை மீண்டும் நடுக்கோடு வரை மடித்து, செங்குத்தாக நிமிர்த்துங்கள். இரண்டு சுவர்கள் எழுந்துவிட்டன.

6. மேல்புறக் கூர்முனையைப் பிடித்து உள்நோக்கித் தூக்குங்கள். பக்கச் சுவர்களின் நுனிகள் சாய்வாக உள்ளே மடங்க, மூன்றாவது சுவர் எழும். கூர்முனையைச் சுவரின் மேலாகக் கொண்டுவந்து உள்ளே இறக்கி, தரையில் படிய வையுங்கள். கீழ்புறத்தையும் அப்படியே செய்யுங்கள். தாளின் நான்கு மூலைகளும் பெட்டியின் தரையில் ஒன்றுகூடும்.

7. 21 செ.மீ. சதுரத்தில் செய்தது மூடி. மற்றொரு தாளில் 20.5 செ.மீ. சதுரம் வெட்டி அதேபோல் மடித்தால் அடிப்பெட்டி. மூடி அதன்மேல் தளர்வின்றி உட்காரும்.

ஆறாவது படியில்தான் பிள்ளைகள் திணறுவார்கள். நான்காவது படியில் அழுத்தி நீவியிருந்தால் தாள் தானே வழிகாட்டும். பெற்றோர் பொறுமை இழந்து தாளைப் பிடுங்கித் தாமே முடித்துவிடக் கூடாது.

இதில் தமிழ் எங்கே?

மேலே உள்ள வினைச்சொற்களை எண்ணிப் பாருங்கள்: மடி, விரி, நீவு, நிமிர்த்து, தூக்கு, இறக்கு, படிய வை. சாப்பாட்டு நேரப் பேச்சில் இவற்றுள் எத்தனை வருகின்றன? நெடுக்கே, குறுக்கே, சாய்வாக, செங்குத்தாக, எதிரெதிர் என்னும் சொற்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பெட்டியை நீங்கள் சொல்ல, பிள்ளை செய்யட்டும். இரண்டாம் பெட்டியைப் பிள்ளை சொல்ல, நீங்கள் செய்யுங்கள். அவன் சொன்னதை மட்டும் செய்ய வேண்டும். சொல்லாததைச் செய்யக் கூடாது. "இதை இப்படிப் பண்ணு" என்றால் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். "இடது ஓரத்தை நடுக்கோடு வரை மடி" என்று முழு வாக்கியம் வந்ததும் மடியுங்கள். உங்கள் கை அசைய வேண்டும் என்பதற்காகவே பிள்ளை சொல்லைத் தேடிப் பிடிப்பான்.

உச்சரிப்புக்கும் இது நல்ல பயிற்சி. 'நான்கு மூளைகளையும் நடுவில் சேர்' என்று வகுப்பில் ஒரு குரலாவது எழும்பும். சிரிப்பு அடங்கியதும் மூலை வேறு, மூளை வேறு என்று சொன்னால் ல, ள வேறுபாடு மனத்தில் பதிந்துவிடும்.

தெலுங்கு தெரிந்த பிள்ளைக்கு இன்னொரு வசதியும் உண்டு. தெலுங்கில் மூலையை 'மூல' என்பார்கள், மடிப்பு 'மடத', பெட்டி 'பெட்டெ', காகிதம் அங்கேயும் 'காகிதம்'தான். பள்ளியில் படிக்கும் தெலுங்கு தமிழுக்குப் போட்டி என்று எண்ணி நாம் வருந்த வேண்டியதில்லை. அக்கா வீட்டுச் சொல்லைக் கொண்டு தங்கை வீட்டுச் சொல்லை நினைவில் வைக்கலாம்.

கொஞ்சம் கணக்கு

வெட்டிய சதுரத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு அளந்து பாருங்கள். 29.7 செ.மீ. வரும். ஏ4 தாளின் நீளமும் அதுவே! இந்த நீளத்துக்கு மூலைவிட்டம் என்று பெயர். பெட்டித் தரையின் ஒரு பக்கம் மூலைவிட்டத்தில் நாலில் ஒரு பங்கு, அதாவது சுமார் 7.4 செ.மீ. உயரம் எட்டில் ஒரு பங்கு, சுமார் 3.7 செ.மீ. எந்த அளவுச் சதுரத்திலும் இக்கணக்கு மாறாது. மோதிரத்துக்கோ வளையலுக்கோ பெட்டி வேண்டுமானால், எவ்வளவு பெரிய தாள் எடுப்பது என்று இதைக்கொண்டே முடிவு செய்யலாம்.

இனிப் பிள்ளைகளுக்கு ஒரு கேள்வி. 21 செ.மீ. தாளில் ஒரு பெட்டியும், அதில் பாதியான 10.5 செ.மீ. தாளில் ஒரு பெட்டியும் மடியுங்கள். சிறிய பெட்டியால் அரிசியை அளந்து பெரிய பெட்டியில் கொட்டுங்கள். எத்தனை முறை கொட்டினால் நிரம்பும்? பலரும் இரண்டு என்பார்கள், சிலர் நான்கு என்பார்கள். தலை தட்டி அளந்தால் எட்டு வரும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பாதியானதால் இரண்டை மூன்று முறை பெருக்க வேண்டும். ஏன் எட்டு என்பதையும் பிள்ளை தமிழிலேயே விளக்கட்டும்.

நவராத்திரிக் கொலுவுக்கு வருபவர்களுக்கு மஞ்சள், குங்குமச் சிமிழ், கண்ணாடி, சீப்பு வைத்துக் கொடுக்க இப்பெட்டி ஏற்றது. சுண்டலையும் பலகாரத்தையும் நேராக இதில் வைக்க வேண்டாம். அச்சிட்ட தாளின் மை உணவில் ஒட்டும். செய்தித்தாளில் உணவைக் கட்டித் தர வேண்டாம் என்று மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் 2016இல் அறிவுறுத்தியது. வாழையிலைத் துண்டு விரித்த கிண்ணம் அதற்கு நல்லது.

பெட்டியை வாங்கிக்கொள்ளும் மாமியோ பாட்டியோ "இதை எப்படிச் செய்தாய் கண்ணா?" என்று கட்டாயம் கேட்பார்கள். அப்போது நீங்கள் குறுக்கே பேசாமல் இருங்கள். பிள்ளை ஒரு தாளை எடுத்து வைத்துக்கொண்டு, முதல் மடிப்பிலிருந்து கடைசி மடிப்பு வரை தமிழில் சொல்லி முடிக்கட்டும்.