வீட்டுத் தொட்டியில் விராலும் குறவையும்

மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா? சாகும். ஒரு விராலை நான் அப்படித்தான் கொன்றேன். வாய்க்காலில் கிடைத்த அரை முழ விரால். துள்ளிக் குதித்து ஓடிவிடும் என்று பயந்து, பிளாஸ்டிக் டிரம்மில் கழுத்து வரை தண்ணீர் நிரப்பி, பலகையைப் போட்டு, மேலே அம்மிக் குழவியையும் வைத்தேன். விடிந்து பார்த்தால் மீன் மல்லாந்து கிடக்கிறது. தண்ணீரில் ஒரு குறையும் இல்லை. ஆனால் பலகைக்கும் தண்ணீருக்கும் நடுவே விரற்கடை இடம்கூட இல்லை.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. தலைக்குள் செவுளுக்கு மேலே காற்றை வாங்கி வைக்கிற அறை ஒன்று இருக்கிறது. சில நிமிடத்துக்கு ஒரு தடவை மேலே வந்து வாயால் காற்றை விழுங்கியே ஆக வேண்டும். கோடையில் குளம் வற்றினாலும் ஈரச் சேற்றுக்குள் புதைந்து உயிரோடு கிடப்பது இந்த அறையின் தயவால்தான். ஆகவே தொட்டி வைப்பவர்களுக்கு முதல் பாடம் இது: தண்ணீருக்கு மேலே அரைச் சாணாவது காற்று இடம் விடுங்கள். மூடியும் கட்டாயம் வேண்டும், அது வலைக் கம்பியாக இருக்கட்டும். குழவியை அதன் நான்கு மூலையில் ஒன்றில் வைத்தால் போதும். மூடாமல் விட்டால் ராத்திரியில் தாவி வெளியே போய், காலையில் நெல் மூட்டைச் சந்தில்தான் தேட வேண்டி வரும்.

நம்ம பிள்ளைகள் கடையில் வண்ண மீன் கேட்கிறார்கள். வாங்கித் தருகிறோம். ஊர்க் குளத்தில் என்ன மீன் இருக்கிறது என்று கேட்டால் அவர்களுக்குத் தெரியவில்லை. வேட்டையாடும் நாட்டு மீன் ஒன்றை ஒரு வருஷம் வீட்டில் வைத்துப் பாருங்கள், குளத்தைப் பற்றி நிறையப் புரியும். எதை வைப்பது என்பதில்தான் கவனம் வேண்டும். வாளை வேண்டாம், அது ஆள் நீளத்துக்கு வளரும் சாதி. தேளி மீனின் பக்கவாட்டு முள் குத்தினால் கை கடுத்து வீங்கும், சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீட்டுக்கு ஆகாது. விராலுக்குச் சிமெண்ட் தொட்டி வேண்டும். 6 அடி நீளம், 4 அடி அகலம், 3 அடி ஆழம் என்றால் ஒன்றிரண்டு நிம்மதியாக இருக்கும். கண்ணாடித் தொட்டிக்கு ஏற்றது குறவை. பெரும்பாலும் ஒரு சாண் அளவோடு நின்றுவிடும். 4 அடிக்கு 1½ அடித் தொட்டியில் ஒரு ஜோடி போதும். மூன்றாவதாக ஒன்றை விட்டால் ஒன்றை மற்ற இரண்டும் மூலையில் ஒடுக்கும், வால் கிழியும். சின்ன மீனைத் துணைக்கு விடாதீர்கள். வாய்க்குள் அடங்குகிற எதுவும் அதற்குத் தீனிதான், கூடப் பிறந்ததானாலும்!

அடியில் ஆற்று மணல், இரண்டு மரவேர், ஒரு உடைந்த பானை, கொஞ்சம் வேலம்பாசி. ஒளிய இடம் இருந்தால்தான் மீன் பயம் தெளிந்து வெளியே வரும். குழாய்த் தண்ணீரானால் அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போன பிறகு ஊற்றுங்கள். வயல் தண்ணீர் எடுப்பவர்கள் மேல்வரப்புக்காரர் மருந்து அடித்தாரா என்று கேட்டுவிட்டு எடுங்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் தடுத்த எண்டோசல்பான் மீனுக்குக் கொடிய நஞ்சு. இன்றும் கடையில் கிடைக்கிற சைபர்மெத்ரின் அதற்குக் குறைந்ததில்லை. தீனிக்காக வெட்டுக்கிளி பிடிக்கிறவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

தீனி மண்புழு, சின்ன இறால், வெட்டுக்கிளி. கடையில் தீனிக்கென்று விற்கிற குட்டி மீன்கள் வேண்டாம், நோயும் கூடவே வந்து சேரும். வளர்ந்த மீனுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும். அரை மணி நேரத்தில் தின்னாததை எடுத்துவிடுங்கள். வாரம் ஒரு தடவை கால் பங்கு தண்ணீரை மாற்றுங்கள். எடுத்த தண்ணீரைக் கத்தரிக்கும் கீரைக்கும் ஊற்றலாம், எங்கள் வீட்டுக் கறிவேப்பிலை அதில்தான் தளதளவென்று நிற்கிறது.

ஒரு விஷயத்தில் இந்த மீன்கள் நம்மை ஏமாற்றும். தண்ணீர் கெட்டால் கெண்டை உடனே வாயைப் பிளந்து மேலே திணறும், நமக்குத் தெரிந்துவிடும். விராலும் குறவையும் மேலே காற்று வாங்கிக்கொண்டு தாங்கும். தாங்குகிறதே என்று விட்டால் பிறகு தோலில் சிவப்புப் புள்ளி வரும், அது புண்ணாகிக் குழி விழும். 1988-ல் இந்தியாவுக்குள் வந்த புண் நோய் விரால் இனத்தைத்தான் அதிகம் தாக்கியது. அது பூஞ்சை போன்ற ஒரு கிருமியின் வேலை. மழையும் குளிரும் சேர்கிற மாதங்களில் கிளம்பும். குளத்துக்குச் சுண்ணாம்பு இடுவது நல்ல வழக்கம். கண்ணாடித் தொட்டியில் அதைச் செய்யாதீர்கள், சின்னத் தண்ணீரில் காரம் சட்டென்று ஏறி மீனே போய்விடும். சிவப்பு கண்டதும் தண்ணீரைப் பாதி மாற்றி, லிட்டருக்கு 3 கிராம் கல் உப்பு கரைத்து ஊற்றுங்கள். குழி விழுந்த மீனைத் தனியே பிரித்து வையுங்கள், குளத்துக்குத் திருப்பி விடாதீர்கள்.

திருப்பி விடுவது பற்றி ஒரு வார்த்தை. எந்தக் குளத்தில் பிடித்தோமோ அங்கே, நோயில்லாமல், கடை மீனோடு பழகாமல் இருந்தால் மட்டும் விடலாம். கடையில் வாங்கியதை எங்கேயும் விடக் கூடாது. ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்க்கத் தடை இருந்தும் குளங்களில் பெருகிக் கிடக்கிறது. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கி, பெரிதானதும் இரக்கப்பட்டு ஏரியில் விட்ட முள் கவச மீன் இப்போது வலைகளைக் கிழிக்கிறது. 2023-ல் காஷ்மீரின் தால் ஏரியில் முதலை வாய் கொண்ட அமெரிக்க மீன் ஒன்று அகப்பட்டது. அது தானாகவா நீந்தி வந்தது? 

குஞ்சு பிடித்து வரலாமா என்று கேட்பார்கள். மழை பிடித்ததும் விரால் பாசிக்கு நடுவே வட்டமாக இடம் ஒதுக்கி முட்டையிடும். பொரிந்த குஞ்சுகள் செக்கச் செவேலென்று பந்துபோலத் திரண்டு மேயும், பெற்ற மீன் அடியிலேயே காவல் சுற்றும். இந்த நேரத்தில் அது தூண்டிலைக் கோபத்தில் கவ்வும், சுலபமாக மாட்டும். பிடிக்கிறவர்களும் இருக்கிறார்கள். நானும் சின்ன வயதில் பிடித்திருக்கிறேன். அம்மா மீன் குழம்பு வைத்தாள். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது சிவப்புப் பந்தைக் காணோம், நாலு கெளுத்திதான் சுற்றிக்கொண்டிருந்தது.

தொட்டிக்கு வேண்டுமென்றால் காவல் முடிந்து, சிவப்பு மாறி, தனித்தனியாகப் பிரிந்த விரல் நீளக் குட்டிகளில் ஒன்றிரண்டு எடுங்கள். அதற்கு முன்னே பிள்ளைகளை வாய்க்கால் கரைக்குக் கூட்டிப் போய்ப் பந்தைக் காட்டுங்கள். நிழல் தண்ணீரில் விழாதபடி குந்துங்கள். விழுந்தால் மொத்தமும் சட்டென்று அடியில் போய்விடும். பேசாமல் கொஞ்ச நேரம் பொறுத்தால் மூச்சு வாங்க மறுபடி மேலே வரும்.