டி.எஸ்.எச். ஒன்றை மட்டும் பார்க்காதீர்கள்

எனக்குத் தைராய்டு என்று தெரிந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "காலையில வெறும் வயித்துல மாத்திரை போடு, முட்டைக்கோஸ் சேர்க்காதே, உடம்பு போட்டுடாம பாத்துக்கோ." அவையெல்லாம் தைராய்டு குறைவாகச் சுரப்பவர்களுக்குச் சொல்லப்படுபவை. எனக்கு அது அதிகமாகச் சுரந்தது. நம்மிடையே முதல் வகைக்காரர்களே அதிகம் என்பதால், இரண்டாவது வகை ஒன்று இருப்பதே பலருக்கும் தெரிவதில்லை.

நன்றாகப் பசித்தது, நன்றாகவே சாப்பிட்டேன். ஆனாலும் ஜாக்கெட் எல்லாம் தொளதொளத்தது. மார்கழிக் குளிரிலும் மின்விசிறி வேண்டியிருந்தது. பூக் கட்ட உட்கார்ந்தால் விரல்கள் நடுங்கின. சும்மா படுத்திருக்கும்போதே நெஞ்சு படபடத்தது. மாடிப்படி ஏறினால் தொடையில் வலுவே இல்லை. சின்னச் சின்ன விஷயத்துக்கெல்லாம் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். வீட்டில் சர்க்கரை என்று சந்தேகப்பட்டார்கள். சர்க்கரை சரியாக இருந்தது. அதன்பிறகுதான் மருத்துவர் தைராய்டு பரிசோதனை எழுதிக் கொடுத்தார்.

ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். 0.01-க்கும் கீழே இருந்தது. பக்கத்தில் 'குறைவு' என்று குறியிட்டிருந்தார்கள். அதைப் பார்த்து, தைராய்டு குறைவு என்றே வீட்டில் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை நேர்மாறானது. டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பியிலிருந்து வருவதில்லை. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி, 'இன்னும் சுர' என்று தைராய்டுக்கு அனுப்பும் கட்டளை அது. மேல்நிலைத் தொட்டி நிரம்பி வழிந்தால் மோட்டாரை நிறுத்திவிடுவோம் அல்லவா? ரத்தத்தில் ஹார்மோன் மிகும்போது பிட்யூட்டரியும் அப்படித்தான் கட்டளையை நிறுத்திவிடுகிறது. எனக்கு வந்திருந்தது கிரேவ்ஸ் நோய். நம் உடம்பின் எதிர்ப்பு சக்தியே தவறான ஆன்டிபாடிகளை உண்டாக்கி, கட்டளை இல்லாமலே சுரப்பியை ஓட வைக்கும் நோய் அது. டப்ளினைச் சேர்ந்த மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835-இல் விவரித்ததால் அவர் பெயரே நிலைத்தது.

ஆகவே டி.எஸ்.எச். ஒரு எச்சரிக்கை மட்டுமே. ஹார்மோன் எவ்வளவு இருக்கிறது என்பதை ஃப்ரீ டி4, ஃப்ரீ டி3 இரண்டும்தான் சொல்லும். பெரியவர்களுக்கு டி.எஸ்.எச். ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை, ஃப்ரீ டி4 0.8 முதல் 1.8 வரை இருக்கலாம் என்பார்கள். லேபுக்கு லேப் இந்த எல்லையும் அளவிடும் அலகும் மாறும். அதனால் உங்கள் ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கும் எல்லையை வைத்தே ஒப்பிடுங்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். டி4 சரியாக இருந்து டி3 மட்டும் ஏறியிருப்பதும் உண்டு, எனவே அதையும் கேட்டு வாங்குங்கள். 'ஃப்ரீ' என்ற சொல் இல்லாத மொத்த டி4 அளவு கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை போடும்போதும் தானாகவே கூடிக் காட்டும்.

எல்லாவற்றையும்விட அழுத்திச் சொல்ல விரும்புவது இனி வருவதுதான். சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் மாத்திரையைத் தொடங்கிச் சில வாரங்களில் என் படபடப்பு அடங்கியது, ஃப்ரீ டி4 எல்லைக்குள் வந்தது. டி.எஸ்.எச். மட்டும் அசையவே இல்லை. "மருந்து வேலை செய்யலை, டோஸைக் கூட்டச் சொல்லு" என்றார்கள் சுற்றியிருந்தவர்கள். மருத்துவர் கூட்டவில்லை, குறைத்தார். நெடுநாள் அடங்கிக் கிடந்த பிட்யூட்டரி மீண்டும் விழிக்க வாரங்கள் ஆகும், சிலருக்கு மாதங்களும் ஆகும் என்று விளக்கினார். டி.எஸ்.எச்.-ஐ மட்டும் பார்த்து மாத்திரையைக் கூட்டிக்கொண்டே போனால், ஹார்மோன் தேவைக்கும் கீழே இறங்கிவிடும். அப்போது உடம்பு கனக்கும், தசை பிடித்து இழுக்கும், குளிர் தாங்காது. ரிப்போர்ட்டில் டி.எஸ்.எச். அப்போதும் குறைவாகவே இருக்கலாம்! முதல் மாதங்களில் நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறை டி4, டி3 பார்ப்பது இதற்காகத்தான். நான் ஒரு நோட்டில் தேதி, மூன்று அளவுகள், அன்றைய டோஸ், எடை, நாடித்துடிப்பு எல்லாவற்றையும் ஒரே வரியில் எழுதி வைக்கிறேன். மருத்துவருக்கு அந்த ஒரு பக்கம் போதும்.

அதிகம் சுரப்பதெல்லாம் கிரேவ்ஸ் அல்ல. வைரஸ் காய்ச்சலுக்குப் பின்னோ பிரசவத்துக்குப் பின்னோ சுரப்பி வீங்கி, சேர்த்து வைத்திருந்த ஹார்மோன் ரத்தத்தில் கசிவதும் உண்டு. கார்பிமசோல் புதிய உற்பத்தியைத்தான் தடுக்கும். கசிவுக்கு அதனால் பயனில்லை. அது பெரும்பாலும் தானே அடங்கும். இரண்டையும் பிரித்தறிய டிராப் என்ற ஆன்டிபாடி பரிசோதனையோ ஸ்கேனோ உதவும். எதனால் வந்தது என்று மருத்துவரைக் கேளுங்கள், தயங்காதீர்கள்.

ரிப்போர்ட்டையே பொய்யாக்கும் ஒன்றும் உண்டு. முடி கொட்டுகிறதே என்று பலர் பயோட்டின் மாத்திரை போடுகிறார்கள். அது உடம்பிலிருக்கும்போது சில லேப் முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்தும் டி4, டி3 பொய்யாகக் கூடியும் தெரியும். நோயே இல்லாதவருக்கும் கிரேவ்ஸ் போலக் காட்டிவிடும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், போட்டதை லேபிலும் சொல்லுங்கள்.

கார்பிமசோல் போடுகிறவர்கள் வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் ஒன்றைச் சொல்லி வையுங்கள். காய்ச்சலோ, தொண்டை வலியோ, வாய்ப்புண்ணோ வந்தால் அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே ரத்த அணுக்கள் பரிசோதனை செய்துவிட வேண்டும். அரிதாக வெள்ளை அணுக்கள் திடீரென்று சரிந்துவிடும். அது உயிருக்கே ஆபத்து. மஞ்சள் காமாலை தெரிந்தாலும் மாத்திரையை நிறுத்தி அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். படபடப்புக்குத் தரும் புரோப்ரனலால் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது, முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கண் உறுத்துவது, பிதுங்குவது, இரண்டிரண்டாகத் தெரிவது போன்றவை இருந்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் யாராவது புகைபிடித்தால் இந்தக் கண் நோயைச் சொல்லியாவது நிறுத்த வையுங்கள். புகை அதை மோசமாக்குகிறது.

மாத்திரையைப் பொதுவாக 12 முதல் 18 மாதங்கள் தருகிறார்கள். நிறுத்திய பிறகு ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்ப வருகிறது, அதனால் பரிசோதனை தொடர வேண்டும். திரும்பினால் மறுபடி மாத்திரையோ, கதிரியக்க அயோடினோ, அறுவைச் சிகிச்சையோ செய்யலாம். பின்னவை இரண்டுக்கும் பிறகு பெரும்பாலோர் வாழ்நாள் முழுக்க தைராய்டு ஹார்மோன் மாத்திரையான தைராக்சின் போட வேண்டிவரும். பிள்ளை பெற நினைக்கும் பெண்கள் இதையெல்லாம் கரு உண்டாவதற்கு முன்பே மருத்துவரிடம் பேசிவிடுங்கள். முதல் மூன்று மாதங்களில் கார்பிமசோல் கருவைப் பாதிக்கக்கூடும் என்பதால் வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். கதிரியக்க அயோடின் எடுத்திருந்தால் குறைந்தது ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள்.