வெந்த புண்ணுக்கு எந்தக் கட்டு?



கொதிக்கும் குழம்பையும் கஞ்சியையும் அடுப்படித் தரையிலேயே இறக்கி வைக்கிற வீடுகள் நம் சேலம், நாமக்கல் பக்கத்தில் இன்னும் உண்டு. தவழும் பிள்ளை கை நீட்டினால் போதும். "தீப்புண்ணுக்கு எந்த மருந்து வாங்க உதவலாம்?" என்று உங்களில் சிலர் கேட்டு எழுதுகிறீர்கள். நான் வைத்தியன் அல்ல. ஆனாலும் கட்டு மாற்றும் வேளையில் பிள்ளையின் தலைமாட்டில் நிற்பது என் ஊழியத்தில் சேர்ந்தது. ஆகையால் டாக்டர்களிடம் கேட்டும் படித்தும் அறிந்ததை எழுதுகிறேன்.

காஸ் துணி மலிவானது. ஆனால் காய்ந்ததும் புண்ணோடு ஒட்டிக்கொள்ளும். பிய்க்கும்போது புதிதாய் வளர்ந்த தோலும் கூடவே வந்துவிடும். மறுநாள் டிராலி உருளும் சத்தம் கேட்டாலே பிள்ளை அழத் தொடங்கும். பாரஃபின் தோய்த்த வலைத்துணி அவ்வளவாக ஒட்டாது.

அடுத்தது, 1968-ல் அமெரிக்க டாக்டர் சார்லஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்திய சில்வர் சல்ஃபாடயசின் என்னும் வெள்ளைக் களிம்பு. கிருமியை அடக்கும். ஆனால் அடிக்கடி கழுவி மாற்றவேண்டும். மேலே படியும் படலம் புண்ணின் ஆழத்தை மறைக்கும். மேலோட்டமான புண் ஆறுவதை இது தாமதப்படுத்துகிறது என்று பின்னாளைய ஆராய்ச்சிகள் காட்டின. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு ஆகவே ஆகாது. சோலாப்பூர் டாக்டர் சுப்ரமணியம் இதனோடு தேனை ஒப்பிட்டு, தேன் கட்டிய புண்கள் சீக்கிரம் ஆறின என்று 1991-ல் எழுதினார். அதற்காகக் கடைத்தேனைப் பூசிவிடாதிருங்கள். அது கிருமி நீக்கப்பட்டதல்ல.

நம்மவர் பெருமைப்படத்தக்கது கொலாஜன் சவ்வு. சென்னை அடையாற்றிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், மாட்டுத் திசுவிலிருந்து கொலாஜன் எடுத்துப் புண்ணுக்குப் பயன்படுத்தும் முறைகளை உருவாக்கியது. வெந்நீர் பட்ட புதுப்புண்ணைச் சுத்தம் செய்து இதை ஒருமுறை ஒட்டினால், கீழே தோல் வளர வளரத் தானே உரிந்து வரும். தினசரி வேதனை இல்லை. விலை அதிகம், அடியில் சீழ் கட்டினால் எடுத்துவிடவேண்டும், அழுக்கேறிப் பல நாள் ஆன புண்ணுக்கு உதவாது. தாமதமாக வரும் பிள்ளைக்கு இந்த வாய்ப்பு போய்விடுகிறது.

இனி வாழை இலை. சிரிக்கவேண்டாம். பம்பாயில் டாக்டர் கேஸ்வானி வேகவைத்த உருளைக்கிழங்குத் தோலைக் கட்டாகப் பயன்படுத்தி 1985-ல் எழுதினார். அதன்பின் அதே நகரின் சயான் மருத்துவமனையில் டாக்டர் மாதுரி கோரே, வாழை இலையைத் துணியோடு சேர்த்து ஆட்டோகிளேவில் கிருமி நீக்கி, உருளைக்கிழங்குத் தோலோடு ஒப்பிட்டார். 2003-ல் வெளியான முடிவு: இரண்டும் ஒன்றுபோல் ஆற்றின, இலையின் செலவு மிகக் குறைவு. இலையின் மெழுகுப் பளபளப்பால் அது புண்ணில் ஒட்டாது, எடுக்கும்போது வலியும் குறைவு. மோகனூர், பரமத்திவேலூர்க்காரருக்கு இலையின் அருமையைச் சொல்லவேண்டியதில்லை. தோட்டத்து இலையை அப்படியே சுற்றலாகாது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

ஆழமாக வெந்த புண்ணுக்கு இவை எதுவும் போதாது. மூன்று வாரத்தில் ஆறாத புண்ணுக்குத் தோல் ஒட்டு தேவைப்படும். தள்ளிப்போட்டால் விரலும் முழங்கையும் மடங்கியபடியே இறுகிவிடும்.

உங்கள் கேள்விக்கு என் பதில்: புதுப்புண்ணோடு வரும் பிள்ளைக்குக் கொலாஜன், கட்டு மாற்றுமுன் கொடுக்கும் வலி மருந்து, இவ்விரண்டுக்கும் உதவுங்கள். கட்டை எவ்வளவு குறைவாக மாற்றுகிறோமோ அவ்வளவுக்குப் பிள்ளைக்கு நல்லது.

வீட்டில் பிள்ளை வெந்துபோனால், ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள், ஐஸ் வேண்டாம். மற்ற உடம்பு குளிர்ந்துவிடாமல் போர்த்துங்கள். இங்க், பற்பசை, இட்லி மாவு, எண்ணெய் எதுவும் பூசவேண்டாம். (நல்ல சமாரியன் எண்ணெய் வார்த்தது அடிபட்ட காயத்துக்கு, வெந்த புண்ணுக்கு அல்ல.) பிள்ளையின் உள்ளங்கையும் விரல்களும் சேர்ந்த அளவு, உடம்பில் ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்கு. அப்படிப் பத்துக்கு மேல் வெந்திருந்தால் நரம்பு வழியாகத் திரவம் ஏற்றவேண்டியிருக்கும். சுத்தமான துணியால் மூடி, அன்றைக்கே கொண்டுவாருங்கள்.